மீன் ஏலக் கணக்கு எழுதும் பெண்ணுக்குக் கணினிப் பொறியியல் எதற்கு?

நாகப்பட்டினத்திலிருந்து சென்ற வாரம் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்த பெற்றோருக்கு,

பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் தூக்கமில்லை என்றீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாய்மாமன் சொல்கிறார் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்குவது தவறு. அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கடனுக்குத் தவணை கட்டப்போவதும் அவரல்லர், நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரப்போவதும் அவரல்லர்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வஞ்சிரம், சங்கரா, மத்தி என்று மூன்று கட்டங்கள் போட்டு, இரண்டு ஆண்டுகளின் ஏல விலைகளைக் குறித்திருந்தாள். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சிவப்பு மையால் கட்டம் கட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘தடை முடிந்த சில வாரங்களிலேயே வரத்து குறைவது ஏன்? மீன் குறைந்ததா, படகு கூடியதா?’

யாரும் சொல்லித்தராமல் அவள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை வைத்து ஓர் ஆராய்ச்சித் துறையே நடக்கிறது. சுற்றுச்சூழல் மற்றும் இயற்கைவளப் பொருளியல் என்று அதற்குப் பெயர். யாரும் வலை வீசலாம் என்ற நிலையில் லாபம் முழுவதும் கரையும்வரை படகுகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதை 1954-இல் ஸ்காட் கார்டன் என்ற கனடியப் பொருளியலாளர் விளக்கினார். 1973-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கோலின் கிளார்க் இன்னும் கசப்பான ஒரு முடிவை எட்டினார். திமிங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெருகும் வேகம் வட்டி விகிதத்தைவிடக் குறைவாகவும், பிடிக்கும் செலவு சொற்பமாகவும் இருந்தால், கடலுக்கு ஒரே உரிமையாளர் இருந்தாலும்கூட, எல்லாவற்றையும் பிடித்து விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதே அவருக்கு லாபம். பேராசையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இது விளங்காது. மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடும் வகைக்கெழுச் சமன்பாடு போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். மீன் எப்போது சினைப்படுகிறது என்பதற்குக் கடல் உயிரியல் வேண்டும், டீசல் விலைக்கும் வட்டிக்கும் பொருளியல் வேண்டும், இவ்விரண்டையும் இணைக்கக் கணிதம் வேண்டும். டெல்லியில் இயற்பியலும் கேம்பிரிட்ஜில் கணிதமும் படித்துவிட்டுப் பொருளியலுக்கு வந்த பார்த்தா தாஸ்குப்தா, இயற்கையின் மதிப்பைக் கணக்கிடும் பேரறிக்கையை பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் 2021-இல் அளித்தார் என்பதை அந்த மாமாவிடம் சொல்லுங்கள்.

வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., பி.எட். பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆளுண்டு. உங்கள் மகள் செய்ய வேண்டியது இது. அருகிலுள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கட்டும், அரசுக் கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரங்களைத் தாண்டாது. புள்ளியியலையும் ‘ஆர்’ அல்லது பைத்தான் நிரல்மொழியையும் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் கற்றுக்கொள்ளட்டும். பிறகு இந்தியப் புள்ளியியல் நிறுவனம் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடத்தும் அளவுசார் பொருளியல் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அங்கே கல்விக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் தேர்வு கடினம், இடம் குறைவு. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சுற்றுச்சூழல் பொருளியலிலேயே முதுகலை நடத்துகிறது. அங்கே கட்டணம் உண்டு என்பதால் கல்விக்கடன் கணக்கை முன்கூட்டியே போட்டுவையுங்கள். நுழைவுத் தேர்வில் கணிதமே கேட்காத பொருளியல் படிப்பில் மட்டும் சேர்க்காதீர்கள். இந்தத் துறைக்கு அது உதவாது.

இது நீண்ட வழி என்பதை மறைக்க மாட்டேன். இளநிலைக்கு மூன்று, முதுகலைக்கு இரண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்து என்று பத்து ஆண்டுகள் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். மாமா சொல்லும் மென்பொருள் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம். அந்தச் சம்பளம் உறுதி என்று அவருக்கு யார் சொன்னது என்பதையும் கேட்டுவிடுங்கள். உதவித்தொகை இல்லாமல் கைக்காசு போட்டு முனைவர் பட்டம் படிக்க வேண்டிய நிலை வந்தால் நானே வேண்டாம் என்பேன். அப்போதும் கணிதமும் புள்ளியியலும் தெரிந்த முதுகலைப் பட்டதாரியாக அவள் வேலை தேடலாம், தலையில் அடமானக் கடன் இருக்காது.

அந்தத் தனியார் கல்லூரிக்கு இந்த வாரம் முன்பணம் கட்டுவதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது தாய்மாமனையும் அழைத்து வாருங்கள்; அந்த நோட்டில் உள்ள கணக்கை உங்கள் மகளே அவருக்கு விளக்கட்டும்.