இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை: கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: என் மேனுவல் கார் 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறதே தவிர வேகம் கூடவில்லை. கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: கிளட்ச் ஸ்லிப் ஆவதுபோல்தான், அதாவது பிடிக்காமல் வழுக்குவதுபோல்தான் தெரிகிறது. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் சட்டென்று எகிறி, வேகம் அப்படியே நின்றால் ஸ்லிப்தான். ஒருமுறை பார்த்தால் போதும்; திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா அழுந்தும் தூரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் பிளேட் முழுதாகப் பிடிக்காது. நல்ல கிளட்ச்கூட ஸ்லிப் ஆகும். அதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும். கியர் கரகரவென்று விழுந்தால் அது வேறு கதை: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில், அந்த ஆயிலின் கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

தேய்மானம் உறுதியானால், பிளேட்டோடு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். பழைய பேரிங்கை விட்டுவைத்து, அது நாளைக்குக் கத்த ஆரம்பித்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். எனக்கு இதில் சிக்கனம் தெரியவில்லை.

கழற்றிய பிளேட்டை வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல தடிமன் இருந்தும் முகம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது. அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரம் நனைந்துவிடும். கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில், சூட்டில் நீலம் பாய்ந்த திட்டோ மயிரிழை விரிசலோ தெரிகிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். பல டீசல் கார்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு பகுதி ஃப்ளைவீல்) இருக்கும். அதன் ஆட்டம் அளவைத் தாண்டியிருந்தால் செலவு கணிசமாக ஏறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

புது கிளட்ச் போட்டபின் பெடல் இலேசாக இருக்கும், பிடிக்கும் இடமும் மாறியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் அதிக பாரம் ஏற்றாமல், மேட்டில் கிளட்சை அரைகுறையாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்காமல் ஓட்டுங்கள். அங்கே ஹேண்ட் பிரேக் போடுங்கள்.