கண்மாய்க் கரையும் மஞ்சள் நிறமும்: பழைய நிலவரைபடங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரின் பழைய 'ஓர் அங்குல' வரைபடம் கிடைத்துள்ளது. அக்காலச் சாகுபடியை அதிலிருந்து அறிய முடியுமா?

பதில்: முடியும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360 என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட இத்தாள்களில் மஞ்சள் நிறம் சாகுபடி நிலத்தையும் பச்சை நிறம் காட்டையும் குறிக்கும். ஆனால் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஒரே மஞ்சள்தான் என்பதால், நிறத்தை விட்டுவிட்டு முதலில் கண்மாய் எனப்படும் பாசன ஏரியின் கரையைத் தேடுங்கள். பிறை வடிவில் வளைந்த அக்கோட்டின் புடைத்த பக்கம் பெரும்பாலும் தாழ்வான திசையை நோக்கியிருக்கும். அதை ஒட்டிக் கீழே விரியும் மஞ்சளே ஆயக்கட்டு, அதாவது அக்கண்மாய் நீர் பாயும் நஞ்சையாக இருக்க வாய்ப்பு மிகுதி. கரையருகே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் இருந்தால், அது சுற்றியுள்ள நிலத்திலிருந்து கரையின் உயரம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் அரிதாகவே குறுக்கிடும் இந்தச் சமவெளியில், அந்தச் சிறிய எண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்கிலிருந்து புறப்படும் ஓடை அடுத்த கண்மாய்க்குள் நுழைவதைப் பின்தொடர்ந்தால், எந்த ஊரின் மிகைநீரை எந்த ஊர் நம்பியிருந்தது என்பதும் விளங்கும்.

கேள்வி: எங்கள் கண்மாயில் நீல நிறமே இல்லை. அப்போதே தூர்ந்துவிட்டதா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். ஆண்டு முழுதும் நீர் நிற்பவற்றுக்கே நீலம் நிரப்புவது வழக்கம். மழைக்குப்பின் வற்றும் மானாவாரிக் கண்மாய் வெறுமையாகவே காட்டப்படும்.

கேள்வி: ஆக்கிரமிப்பு வழக்கில் இதைச் சான்றாகக் காட்டலாமா?

பதில்: கண்மாய் அங்கே இருந்தது என்பதற்குத் துணைச்சான்றாகலாம், எல்லைக்கு ஆகாது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறத்தாழ 63 மீட்டர். ஒரு கோட்டின் தடிப்புக்குள் ஒரு வீட்டுமனையே மறைந்துவிடும். வருவாய்த் துறை ஆவணங்களில், எல்லைக்குப் புலப்படமும், நஞ்சையா புஞ்சையா என்பதற்கு அ-பதிவேடும், ஆண்டுதோறும் விளைந்த பயிருக்கு அடங்கலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடும்போது எதில் கவனம் தேவை?

பதில்: ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் அளவெடுத்த ஆண்டும் தனித்தனியே இருக்கும், ஒப்பீட்டுக்கு அளவெடுத்த ஆண்டே கணக்கு. பனைக்குத் தனிக்குறி உண்டு என்பதால் கரைமேல் நின்ற பனைகளைக்கூடத் தேடலாம். ஆனால் அக்குறி மரங்களின் எண்ணிக்கையைச் சொல்வதன்று. இன்று கண்மாய்க்குள் தெரியும் பச்சையையும் பாசனத்தின் வளமாகக் கொள்ளாதீர்கள். இவ்வட்டாரத்தில் அது பெரும்பாலும் தானே மண்டி வளரும் சீமைக்கருவேல முள்மரம்.