தென்னாப்பிரிக்காவின் பி.இ.இ. கொள்கை சிறு தொழில் நடத்துபவரின் முடிவுகளை எப்படி மாற்றுகிறது?

அங்கே சில வருடங்கள் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பி.இ.இ. (Black Economic Empowerment) என்பது கறுப்பினத்தவரைப் பொருளாதாரத்தில் மேலே கொண்டுவர 2003-இல் வந்த சட்டம். தனியார் கம்பெனி அதைப் பின்பற்றாவிட்டால் அபராதம் எதுவும் கிடையாது. நெருக்கடி வாடிக்கையாளரிடமிருந்து வரும். அரசுக்கு விற்கும் பெரிய கம்பெனிக்கு, தான் யாரிடம் சரக்கு வாங்குகிறது என்பதற்கும் பி.இ.இ. மதிப்பெண் உண்டு. அதனால் அது தன் சப்ளையரிடம் பி.இ.இ. சான்று கேட்கும், அவர் தனக்குச் சரக்கு தருபவரிடம் கேட்பார். கடைசியில் நாலு பேர் வேலை செய்யும் பட்டறை வரை அந்தக் கேள்வி வந்துவிடும்.

ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ராண்ட் வரை என்றால் கவலையில்லை. ஒரு பிரமாணப் பத்திரம் போதும், தானாகவே பி.இ.இ. தரவரிசையில் நான்காம் நிலை (முதல் நிலைதான் உயர்ந்தது). கறுப்பினத்தவர் பங்கு 51 சதவீதம் என்றால் இரண்டாம் நிலை, முழுவதும் என்றால் முதல் நிலை. முதல் நிலைக்காரரிடம் 100 ராண்டுக்கு வாங்கினால், வாங்கியவரின் பி.இ.இ. மதிப்பெண் கணக்கில் அது 135 ஆக ஏறும். ஒரே சரக்கு, ஒரே விலை என்றால் ஆர்டர் எந்தப் பக்கம் சாயும்?

சிக்கல் 1 கோடியைத் தாண்டும்போதுதான். பங்கில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரிடம் இல்லாவிட்டால் உரிமை, நிர்வாகம், பயிற்சி என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் எடுக்க வேண்டும். வருடா வருடம் சரிபார்ப்பு, அதற்குத் தனிச் செலவு. 95 லட்சத்தில் நின்ற ஒருவர், வந்த பெரிய ஆர்டரை வேண்டாம் என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. செலவுக் கணக்கைப் போட்டுக் காட்டினார், அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

பெயருக்கு ஒரு பங்குதாரரைச் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 2013 திருத்தத்துக்குப் பிறகு அது குற்றம், 10 வருடம் வரை சிறை.

நம்மவர்கள் கவனிக்க: சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்பதில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும், இல்லை அப்போதே வாங்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். டர்பனில் நாலு தலைமுறையாக வாழும் தமிழர் உள்ளே வருவார். நேற்றுப் போய் இறங்கிய நானோ நீங்களோ பின்னால் குடியுரிமையே வாங்கினாலும் வரமாட்டோம்.

நீங்கள் அங்கே தொழில் தொடங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீடுகளுக்கு நேரடியாக விற்பவரிடம் இந்தச் சான்றை யாரும் கேட்பதில்லை.