கழுத்து வலியும் நாற்பது லிட்டர் பையும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்து போகிறேன். வயது 47. இத்தனை வருஷமும் வலது தோளில் ஒரு ஹேண்ட்பேக், கையில் ஒரு வயர்கூடை. ஒரு தோள் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, சென்னையில் இருக்கும் மகள் ஒரு முதுகுப்பை வாங்கி அனுப்பினாள். 40 லிட்டர். லேப்டாப், டிபன், தண்ணீர், குடை, ஃபைல் எல்லாம் அதிலேயே கொள்கிறது. ஆனால் தோள் வலி கழுத்து வலியாக மாறியதுதான் மிச்சம். சேலை மேல் போட்டால் வார் வழுக்கி வழுக்கி இறங்குகிறது. நெஞ்சுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு வார் இருக்கிறது, எதற்கென்றே தெரியவில்லை. ஆபீஸில் ‘பள்ளிக்கொடத்துக்குப் போறியளா மேடம்’ என்று கேலி வேறு. மாதம் ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் மகளைப் பார்க்கப் போகும்போது அல்வா, கருப்பட்டி எல்லாம் இதிலேயே கொண்டுபோகலாமா? மழைக்கு ரெயின் கவர் போதுமா? இந்தப் பையையே வைத்துக்கொள்ளவா, வேறு வாங்கவா? ஜிப் ஒன்று இப்போதே பிளந்துகொள்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

கேலியை முதலில் முடித்துவிடலாம். இரண்டு தோளுக்கும் சமமாக எடையைப் பிரிக்கிற பை எந்த வயதுக்கும் ஆகும். சிரிக்கிறவர்களுக்கும் தோள் இரண்டுதான், அவர்களும் வாங்குவார்கள்.

கழுத்து வலிக்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பை பெரியது, வார் தளர்ந்திருக்கிறது. 40 லிட்டர் பையில் 15 லிட்டர் சாமான் போட்டால் எல்லாம் அடியில் போய்க் குவியும். பை இடுப்புக்குக் கீழே தொங்கும், முதுகை விட்டு விலகும். முதுகோடு ஒட்டியிருக்கும் ஐந்து கிலோ பெரிதாகத் தெரியாது. அதே ஐந்து கிலோ நாலு விரற்கடை பின்னால் தள்ளி நின்றால் உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். விழாமலிருக்க நீங்கள் முன்னால் சாய்வீர்கள், எதிரே பார்ப்பதற்காகத் தலையை மட்டும் நிமிர்த்துவீர்கள். அந்த நிமிர்த்தலைச் செய்வது கழுத்துத் தசை. ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை அதற்கு ஓய்வே கிடையாது. சும்மாடு வைத்துக் கடகப்பெட்டி சுமக்கிற பெண்களுக்குப் பாரம் முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குகிறது. முதுகுப்பையில் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் பாரத்தைக் கொண்டுவர முடியும் என்பதுதான் முழு விஷயமும். பையின் விலை, கம்பெனி எல்லாம் அதற்குப் பிறகு.

இன்று ராத்திரி, நாளைக்குக் கொண்டுபோகிற அத்தனையையும் பையில் வையுங்கள். எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறி நில்லுங்கள். லேப்டாப் சார்ஜரோடு இரண்டு கிலோ வரும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. எவர்சில்வர் டிபன் சாப்பாட்டோடு ஒரு கிலோவுக்கு மேல். 40 லிட்டர் பைக்கே சொந்த எடை ஒரு கிலோவுக்குக் குறையாது. குடையும் ஃபைலும் சேர்ந்தால் ஆறு கிலோ சர்வசாதாரணமாகத் தாண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பை உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. தினமும் சுமக்கிற பெரியவர்களுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் 60 கிலோ என்றால் ஆறு கிலோ. குறைக்க வழி இருக்கிறது: இன்னொரு சார்ஜர் வாங்கி ஆபீஸிலேயே போட்டுவிடுங்கள், தண்ணீர் அரை லிட்டர் போதும், அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

இனி மாட்டுகிற முறை. வெறும் பையில் அளவு பார்க்காதீர்கள், சாமான் இருக்க வேண்டும். முதலில் எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். பிறகு இரண்டு தோள்வார்களின் நுனியையும் ஒரே நேரத்தில் கீழும் பின்னுமாக இழுங்கள், பையின் முதுகுப்பக்கம் உங்கள் முதுகைத் தொடும்வரை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முண்டாகத் தட்டுப்படும். பையின் மேல்விளிம்பு ஏறக்குறைய அந்த மட்டத்தில் நிற்கட்டும். அடிவிளிம்பு இடுப்பெலும்புக்குக் கீழே நாலு விரலுக்கு மேல் இறங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே அடங்காத பை உங்கள் உடம்புக்கு நீளம் கூடியது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் சரிவராது.

நெஞ்சுக்குக் குறுக்கே போகும் அந்தச் சின்ன வார்தான் உங்கள் வழுக்கலுக்கு மருந்து. தோள்வார் இரண்டும் வெளிப்பக்கம் விலகாமல் பிடித்து வைப்பது அதன் ஒரே வேலை, எடையைத் தாங்குவதில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே மூன்று விரல் இறக்கி, மார்புக்கு மேலாக வரும்படி ஏற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பைகளில் அது மேலும் கீழும் நகரும். ஆழமாக மூச்சு இழுத்தால் இறுக்கம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

சேலையில் இன்னொரு சிக்கல், மடிப்பில் குத்துகிற சேஃப்டி பின். வாருக்கு அடியில் பின் மாட்டிக்கொண்டால் தோளிலும் குத்தும், சேலையையும் கிழிக்கும். மடிப்பைக் கழுத்துப் பக்கமாக இரண்டு விரல் உள்ளே தள்ளிக் குத்துங்கள். வார் தோளின் நடுவில் உட்காரட்டும். பையை மாட்டுமுன் முந்தானையை முன்பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் முதுகுக்கும் பைக்கும் நடுவில் அகப்பட்டு ஒவ்வொரு அடிக்கும் இழுக்கும். ஜரிகைச் சேலை உடுத்துகிற நாளில் பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வாரின் உராய்வில் ஜரிகை நிச்சயம் பிரியும்.

தினசரிக்கு 20 முதல் 22 லிட்டரில் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. கடையில் நிறத்தைப் பார்க்குமுன் வாரைப் பாருங்கள். பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் விரலும் விரலும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மெத்தென்று இருக்கிற வார்தான் சீக்கிரம் தட்டையாகி நாடாபோல் வெட்டும். வார் பையோடு சேரும் மேல்முனையில் ஒற்றைத் தையல் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஓட்டிய தையலோ, நெருக்கமாகப் பல வரிசைத் தையலோ இருக்க வேண்டும். எந்தப் பையும் முதலில் போவது அந்த இடத்தில்தான். லேப்டாப் அறையின் அடி பையின் அடியைத் தொடாமல் இரண்டு சென்டிமீட்டராவது தூக்கி நிற்க வேண்டும், அப்போதுதான் பையைத் தரையில் வைக்கும்போது லேப்டாப்பில் அடி படாது. துணி 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் என்றால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தாராளம்.

அடுக்கும்போது கனமானது முதுகை ஒட்டி, நடு உயரத்தில். லேப்டாப் தானாகவே அங்கே போய்விடும். டிபனை முன்பக்கத்து அறையில் போடுகிறார்கள் பலர். அது எடையைப் பின்னால் தள்ளும். பெரிய அறையில், லேப்டாப்புக்கு அடுத்து நிமிர்த்தி வையுங்கள். குழம்புக்கு மட்டும் திருகுமூடிச் சம்படம், அதற்கு மேல் ஒரு ஜிப் கவர். சாம்பாரும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருப்பது பிடிக்கவில்லையென்றால் வயர்கூடையை விட வேண்டாம், சோறு அதில் வரட்டும். தண்ணீர் ஒரு பக்கப் பையில், குடை மறுபக்கத்தில்.

ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறுமுன் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வது மரியாதை மட்டுமில்லை, பத்திரமும்கூட. நெரிசலில் பின்னால் இருக்கிற ஜிப்பை யார் திறந்தாலும் தெரியாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் நாளில் வாரைக் கொஞ்சம் தளர்த்திப் பையின் அடியைச் சீட்டில் ஊன்றவிடுங்கள்.

மழை. ரெயின் கவர் பாதிதான் காக்கும். முதுகை ஒட்டிய பக்கத்தை அது மூடுவதில்லை. குடையிலிருந்தும் தலையிலிருந்தும் வழிகிற தண்ணீர் முதுகுவழியாகத் தான் உள்ளே போகிறது. கவரின் அடியில் தண்ணீர் தேங்கிப் பை அதிலேயே ஊறுவதும் உண்டு. குற்றாலச் சாரலுக்குக் கவர் போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப் பைக்குள்ளே கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, லேப்டாப்பையும் ஃபைலையும் அதற்குள் வைத்து, வாயை மூன்று சுற்று மடக்கி விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மாதிரி மழைக்கு வீட்டில் இருப்பது ஒன்றே வழி. நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் சிதைந்து, பிசுபிசுத்து, தோல் உரிகிற மாதிரி உரியும். அதற்குச் சிகிச்சை கிடையாது.

கோடையில் வார்களில் வெள்ளை வெள்ளையாகப் படிவது வேர்வை உப்பு. மாதம் ஒருமுறை ஷாம்பு கலந்த தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பஞ்சு முறுக்கிக்கொள்ளும். எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். நம்மூர் வெயிலில் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான், நூலும் துணியும் அதே வேகத்தில் இற்றுப்போகும்.

மகள் வாங்கித் தந்த 40 லிட்டர் வீணில்லை, நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அதுதான் சரியான அளவு. அதில் பெரும்பாலும் இடுப்புவார் இருக்கும். பயணத்தன்று அதை முதலில் மாட்டி, இடுப்பெலும்பின் மேட்டில் உட்காரவைத்து இறுக்கிவிட்டு, பிறகு தோள்வாரை இழுங்கள். பாரத்தில் பெரும்பங்கு இடுப்புக்குப் போய்விடும். சேலையில் கொசுவத்துக்கு மேல் பக்கிள் உறுத்தும், அன்று சுடிதார் வசதி. தோள்வாரின் உச்சியிலிருந்து பைக்குப் போகும் குட்டி வார்களை லேசாக இழுத்தால் பையின் தலை முதுகோடு சேரும். பக்கவாட்டு வார்களும் அப்படியே. சாமான் குறைவாக இருக்கும்போது அவற்றை இறுக்கினால் அடியில் குவியாது.

துணிமணி அடியிலும் வெளிப்பக்கத்திலும் போகட்டும். கருப்பட்டிதான் எல்லாவற்றிலும் கனம், முதுகை ஒட்டி நடுவில் அதற்கு இடம். ஆனால் அதன் விளிம்பு முதுகில் குத்தும். நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். ஓலைக்கொட்டானில் அப்படியே வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கசிந்துவிடும், பேப்பரில் சுற்றிக் காற்றுப்புகாத சம்படத்தில் போடுங்கள். அல்வாப் பொட்டலத்தில் சூட்டுக்கு நெய் இறங்கும். அதற்கும் சம்படம்தான், நிமிர்த்தி வைக்க வேண்டும். மீறித் துணியில் நெய் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றாமல் கடலைமாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு, தட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற சோப்பால் கழுவுங்கள். பெர்த்துக்கு அடியில் தள்ளும்போது வார்களை உள்ளே செருகிவிட்டு, கீழே இருக்கும் வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். எப்போதாவது வாகைக்குளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) விமானத்தில் போனால், உள்நாட்டுப் பயணத்தில் கையோடு கொண்டுபோக பொதுவாக 7 கிலோதான் அனுமதி. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பை மாட்டி நடக்கும்போது விரல் மரத்தாலோ கையில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலோ, வார் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். பையைக் கழற்றிவிடுங்கள். பிறகும் நீடித்தால் டாக்டரிடம் போவதில் தாமதம் வேண்டாம்.

கடைசியில் ஜிப். பல் எல்லாம் முழுசாக இருந்து, மூடியபின் பின்னால் பிளந்துகொண்டால் குற்றம் ரன்னரில். ரன்னரின் பின்பக்கத்து இரண்டு ஓரத்தையும் கொறடால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள், ஒரேயடியாக நெரித்தால் உடைந்துவிடும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகுவத்தியை ஓட்டிவிட்டால் போதும். அமுக்கியும் பிளந்தால் ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் புது ரன்னர் மட்டும் போட்டுத் தரும்படி பை தைக்கிறவரிடம் கேளுங்கள். அவர் முழு ஜிப்பையும் பிரிக்க வேண்டும் என்றால், எந்தப் பல் போயிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.