கோமாளி மீன் குஞ்சுகள் மூன்றாம் நாளே இறந்துவிடுவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டு மரைன் (கடல்நீர்) டேங்கில் ஆசெல்லாரிஸ் என்னும் கோமாளி மீன் ஜோடி இரண்டு முறை முட்டையிட்டது, இரண்டு முறையும் குஞ்சு பொரித்தது, ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) பொரிக்க வைத்துக் கொடுத்தும் மூன்று நாளைக்குள் எல்லாம் இறந்துவிட்டன.

பெரும்பாலும் பசிதான் காரணம். பொரித்த இரவில் ஒரு குஞ்சு 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். அதன் வாய்க்கு ஆர்ட்டீமியா பெரிது. வயிற்றோடு வரும் மஞ்சள் கரு மிகக் கொஞ்சம், அது தீர்ந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் அடியில் விழுந்துவிடும். முதல் நாளிலிருந்தே அதற்கு வேண்டியது ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி. ஆர்ட்டீமியாவில் பாதி அளவுதான் இருக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளாகக் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அங்கேயும் அடிப்படை இதுதான்: முதலில் ரோட்டிஃபர், பிறகுதான் ஆர்ட்டீமியா.

அதனால் ஜோடி முட்டையிட்ட பிறகு ரோட்டிஃபர் தேடிப் போனால் நேரம் போதாது. என் முதல் முயற்சி அப்படித்தான் வீணானது. வாங்கி வந்த இரண்டாம் நாளே வாளி நாறிப்போய், உள்ளே ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது எப்போதும் இரண்டு வாளியில் ரோட்டிஃபர் வளர்க்கிறேன். ஒன்று சரிந்தாலும் மற்றது காப்பாற்றும். தீனியாக நான்னோகுளோரோப்சிஸ் பாசிதான் போடுகிறேன். ஈஸ்ட் மலிவுதான், ரோட்டிஃபரும் பெருகும், ஆனால் அதில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து கிடையாது. வெறும் ஈஸ்டில் வளர்ந்ததைத் தின்ற குஞ்சுகள் முதல் வாரம் நன்றாகத் தெரிந்தாலும், உருமாறிச் சின்ன மீனாகும் சமயத்தில் திடீரென்று சாகும்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்கைப் பார்த்துவிடுங்கள். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபராவது இருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் 15 லிட்டர்தான் நிரப்புவேன். அதற்கே ஒன்றரை லட்சம் வேண்டும். வாளியில் மில்லிலிட்டருக்கு 150 இருந்தால் ஒரு லிட்டர் எடுத்து மெல்லிய வலைத்துணியில் வடிகட்டிப் போட்டால் சரி. எண்ணுவது கடினமே இல்லை. ஒரு சிரிஞ்சில் 1 மில்லி இழுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைத் தூசி தானாக நீந்துவது போலத் தெரியும். பெரிய தொட்டியில் குஞ்சுகளை விட்டால் தீனி விரவிப்போய், ஒவ்வொன்றையும் தேடி அலைந்தே களைத்துவிடும்.

பொரிக்கும் இரவை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஆரஞ்சாக இருந்த முட்டைகள் பழுப்பாகி, கடைசியில் உள்ளே இரண்டிரண்டு கண்கள் வெள்ளியாக மின்னும். 27 டிகிரி வெப்பத்தில் எனக்கு எட்டாம் நாள் இரவு. அன்று மாலை, முட்டை ஒட்டியிருக்கும் சட்டியை நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் எடுத்துக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுகிறேன். தொட்டியிலும் பெரிய டேங்கின் தண்ணீரேதான். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்த வேலையை இப்போது ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) செய்ய வேண்டும். குமிழிகள் முட்டைகளை உரசியபடி போகட்டும். விளக்கை அணைத்து, அறையையும் இருட்டாக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். பெரிய டேங்கிலேயே பொரிந்துவிட்டால் ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்துக்குக் கூடி வரும். கோப்பையில் தண்ணீரோடு அள்ளுங்கள். வலை மட்டும் வேண்டவே வேண்டாம், வலையில் பட்ட குஞ்சு பிழைப்பதில்லை.

அந்த வெளிச்ச ஆசைதான் அடுத்த ஆபத்தும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் அதையே நோக்கிப் போய் முட்டி முட்டிச் சாகும். தொட்டியின் நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மேலிருந்து ஒரே ஒரு மங்கலான விளக்கு, அதுவும் முதல் நாள் இன்னும் மங்கலாக. முழு இருட்டும் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் அவை தின்னும். தண்ணீர் வெளிர் பச்சையாகும் அளவுக்குப் பாசி ஊற்றினால் வெளிச்சமும் சீராகப் பரவும், தொட்டியில் இருக்கும் ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது.

சரி, தின்கிறதா என்று எப்படித் தெரியும்? மேலிருந்து ஒரே ஒரு குஞ்சைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நின்ற இடத்திலேயே உடலைப் பாம்பு போல வளைக்கும், ஒரு நொடி அசையாது, சட்டென்று நிமிர்ந்து முன்னால் பாயும். அதுதான் வேட்டை. இரண்டாம் நாள் காலையில் தொட்டி முழுக்க இந்த வளைவும் பாய்ச்சலும் தெரிந்தால் எனக்கு மனசு லேசாகிவிடும்.

அடுத்தது அம்மோனியா, கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு. இத்தனை தீனி, இத்தனை உயிர், இவ்வளவு சின்னத் தொட்டி. தினமும் டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் ஏர் டியூபால் அடியில் கிடக்கும் அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். மின்சாரம் போகும் பகுதியென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

ஆறாம் நாள் வாக்கில் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சமாகக் கொடுங்கள், ரோட்டிஃபரை நிறுத்தாமல். ஆர்ட்டீமியா முட்டையின் வெற்று ஓடுகளை நன்றாகப் பிரித்துவிடுங்கள். வயிறு ஆரஞ்சாகத் தெரிகிற குஞ்சு தின்றுவிட்டது. பத்தாம் நாளையொட்டி தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை வரும், நடுத் தண்ணீரில் மிதந்தவை அடியிலும் ஓரத்திலும் வந்து நிற்கும்.

உங்கள் ஜோடி இரண்டு முறை இட்டுவிட்டது என்றால் இன்னும் இரண்டு வாரத்தில் திரும்பவும் இடும் என்றே நினைக்கிறேன். ரோட்டிஃபர் வாளியை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். கண்கள் வெள்ளியாகும் நாளில் மில்லிக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணி இங்கே எழுதினால், போதுமா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.