ஒற்றைச் செருப்பு

அன்புள்ள ஐயா,

மகள் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. விடுமுறையில் மகாராஷ்டிராவில் ஜாம்கேட் போய் கிராமச் சுகாதாரம் படிக்கணும் என்கிறாள். படிக்காத பெண்கள்தான் அங்கே பாடம் எடுப்பார்களாம்! எனக்கே இனிப்பு நீர் (நீரிழிவு). எங்கள் சங்கம் வருடாவருடம் நடத்தும் மருத்துவ முகாமில் உதவினால் போதாதா? படிப்பு முடிந்ததும் மருத்துவமனையில் செய்யும் ஹவுஸ்மேன்ஷிப் பயிற்சிக்கு இது பயன்படுமா?
— ச., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

ஹவுஸ்மேன்ஷிப்பை விடுங்கள். 'படிக்காத பெண்கள்' என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் 1970இல் ஜாம்கேட் போனார்கள். முதலில் தாதிகளைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகுதான் அந்தந்த ஊர்ப் பெண்களையே பழக்கினார்கள். பலருக்கு எழுத்து தெரியாது, பலர் தலித்துகள். பிரசவம், பிள்ளையின் எடை, தொழுநோய் எல்லாம் அவர்கள் பார்வையில் வந்தன. 1979இல் மகசேசே விருது. வெளிநாட்டு மாணவர்களும் அங்கே போய்க் கற்கிறார்கள். உங்கள் மகளுக்கு மட்டும் கௌரவக் குறைச்சலா?

முகாம் என்றீர்கள். அம்மா இருந்த அடுக்குமாடியின் கீழேயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பேனர், நாசி லெமாக் பொட்டலம், போட்டோ. வெள்ளைக்கோட்டுப் பிள்ளை ஒன்று விரலில் குத்தி, அட்டையில் எண்ணை எழுதி, "ஆன்ட்டி, இனிப்பக் குறைங்க" என்றது. அம்மாவும் தலையாட்டிவிட்டு மேலே வந்துவிட்டார்.

மறுநாள், பலகாரம் சுட்டு விற்கும் எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்திருக்கிறார். இடது செருப்பில் மட்டும், சுண்டுவிரல் படும் இடத்தில் ஈரக்கறை. "கால காட்டுங்கம்மா." விரலிடுக்கில் புண். இனிப்பு நீரால் கால் நரம்பு மரத்துப்போய் அம்மாவுக்கு வலியே இல்லை, அதுதான் பயங்கரம். அக்கா அன்றைக்குப் பலகாரம் போடவில்லை. ஒரு ரிங்கிட் கட்டும் அரசாங்கக் கிளினிக்குக்கு அம்மாவைக் கையோடு கூட்டிப்போனார். விரல் போனது, கால் தப்பியது.

அந்த அக்கா ஆறாம் வகுப்பு. வெள்ளைக்கோட்டுப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை, அதற்கு யாரும் செருப்பைப் பார்க்கச் சொல்லித்தரவில்லை. 2019 தேசிய ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31 விழுக்காட்டுக்கு மேல். இதற்கு வருடத்துக்கு ஒரு பேனரா? ஒவ்வொரு மாடியிலும் ஓர் அக்கா வேண்டும் ஐயா. அந்த அக்காவிடம் கைகட்டி நின்று கேட்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும்.

டிக்கெட் போட்டுக்கொடுங்கள். அவள் கிளம்புமுன் ஒருநாள், அவள் எதிரில் உட்கார்ந்து உங்கள் சாக்ஸைக் கழற்றுங்கள்.