செக் எஞ்சின் லைட் எரியுதெண்டு சென்சர் மாத்த முதல் ஒருக்கா வோல்டேஜைப் பாருங்கோ

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேக்கிறார்: "அண்ணா, என்ர சின்ன ஜப்பான் காருக்கு செக் எஞ்சின் லைட் வாறதும் போறதுமா இருக்கு. ஸ்கேன் பண்ணினா மிஸ்ஃபயர், த்ரொட்டில், ஏபிஎஸ், ஸ்டியரிங் எண்டு ஏழெட்டு பிழைக் கோட். ஒக்சிஜன் சென்சர் மாத்தி, பிளக் மாத்தி, புதுப் பற்றரியும் போட்டாச்சு. நாலு நாள் நல்லா ஓடிச்சு, திரும்ப அதே கதை. பற்றரி லைட்டும் எரியேல்ல."

தம்பி, அந்த நாலு நாளிலதான் விஷயமே இருக்கு. எஞ்சினோட சுத்தி பற்றரியைச் சார்ஜ் பண்ணிற ஒல்டர்நேட்டர் அரைகுறையா சார்ஜ் பண்ண, குறையிறதை புதுப் பற்றரி தன்ர கையில இருந்து போட்டுச் சமாளிச்சிருக்கு, அது முடிய பழையபடி. ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத இடமெல்லாம் ஒரே நேரத்தில கோட் அடிச்சா எல்லா சென்சரும் ஒண்டாப் பழுதாகியிருக்காது, எல்லாத்துக்கும் போற கரண்ட்தான் குறைஞ்சிருக்கும். கோட் லிஸ்டில பி0562, இல்லாட்டி யூ0100 இருந்ததோ பாருங்கோ, முதலாவது வோல்டேஜ் குறைவு, மற்றது எஞ்சின் கம்பியூட்டரோட தொடர்பு அறுந்தது. இதுகளை எல்லாரும் தட்டிவிட்டுட்டு மிஸ்ஃபயரைப் பிடிச்சுக்கொண்டு ஓடுவினம்.

வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர் ஒண்டு எடுத்து டிசி வோல்டில வையுங்கோ. காலையில ஸ்டார்ட் பண்ண முதல் பற்றரியில 12.6 வோல்ட் கிட்ட இருக்கவேணும், ஸ்டார்ட் பண்ணினாப் பிறகு 13.8க்கும் 14.5க்கும் இடையில. இதோட நிப்பாட்டிடாதேங்கோ, குளிர்ந்த எஞ்சின்ல பழுதான ஒல்டர்நேட்டரும் நல்ல பிள்ளையா நடிக்கும். பின்னேரம் காலி வீதி ட்ராஃபிக்ல ஏசியோட அரை மணித்தியாலம் ஊர்ந்து வந்து, சூடு ஆற முதல் ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, அக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுக்கொண்டு திரும்ப அளவுங்கோ. 13க்குக் கீழ இறங்கிக்கொண்டே போனா சார்ஜ் ஆகிறதிலதான் பிழை. (சில புதுக் காருகள்ல கம்பியூட்டரே சார்ஜை வேணுமெண்டு குறைக்கும், ஆனா இவ்வளவு லோட் போட்டா அதுகளும் ஏறவேணும்.)

பிறகு எஞ்சின் ஓடேக்கயே மீட்டரை ஏசி வோல்டுக்கு (குளிர் ஏசி இல்லை, மாறுதிசை மின்சாரம்) மாத்தி அதே பற்றரியில வையுங்கோ. 0.1க்குள்ள இருந்தா சரி, 0.5ஐத் தாண்டினா ஒல்டர்நேட்டருக்குள்ள மாறுதிசைக் கரண்டை நேராக்கிற டயோட் போயிட்டுது. கரண்ட் அலை அலையா வர, சென்சர் சிக்னல் குழம்பி இல்லாத மிஸ்ஃபயரைக் கம்பியூட்டர் சொல்லும். டயோட் போனாலும் பற்றரி லைட் எரியாமலே இருக்கலாம். மலிவு மஞ்சள் மீட்டர்ல ஏசி வோல்டில வைச்சா 30 வோல்ட் மாதிரிக் காட்டும், பயப்படாதேங்கோ, அது மீட்டர்ர குணம், கொஞ்சம் நல்ல மீட்டர் ஒண்டு கடன் வாங்குங்கோ.

ஒல்டர்நேட்டரைக் கழட்ட முதல் பெல்ட் தளர்வோ, டெர்மினல்ல பச்சை பூத்திருக்கோ எண்டும் பாருங்கோ. மீட்டரைத் திரும்ப டிசிக்கு மாத்தி, ஒல்டர்நேட்டர்ர பெரிய வயர் போல்ட்டுக்கும் பற்றரி பிளஸுக்கும் இடையில, எல்லா லோடும் ஓடேக்க, 0.2 வோல்டுக்கு மேல காட்டினா வயர்லதான் பிழை. எர்த் பக்கமும் (ஒல்டர்நேட்டர் உடம்புக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில) அப்படித்தான்.

ஒல்டர்நேட்டருக்குள்ள இருக்கிற பிரஷ், ரெகுலேட்டர், டயோட் பிளேட் தனித்தனியா மாத்தலாம். பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையள்ல ரீகண்டிஷன் ஒல்டர்நேட்டர் எடுத்தா அம்பியர் உங்கட பழையதோட ஒத்துப் போகுதோ பாத்து, கடையிலயே ஓட விட்டு அளந்து வாங்குங்கோ. பற்றரியை வெளிய சார்ஜ் பண்ணிப் போட்டுட்டு கோட் எல்லாத்தையும் அழிச்சு ஒரு கிழமை ஓடுங்கோ, திரும்பி வாற கோட்டை மட்டும் பிறகு பாப்பம். எஞ்சின் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டிப் பாக்கிற மெக்கானிக் பாஸ் ஆரும் இருந்தா மட்டும் காரைக் குடுக்காதேங்கோ, வோல்டேஜ் பாய்ஞ்சு கம்பியூட்டரே போயிடும்.